கரண்டியில் நிற்கிற கஞ்சி

கிளினிக்கில் மிஸி, அதாவது நர்ஸ், என் டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே அரிசிக் கஞ்சி. மகளுக்கு ஆறு மாதம் முடிந்து ஒன்பது நாள். ஊசி போட்ட பிறகு அழுதால் ஊட்டலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். மிஸி ஒரு கரண்டி அள்ளிச் சாய்த்தார். கஞ்சி நூல் மாதிரி ஒழுகி டப்பாவுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது.

"சாயிர் சங்காட், காக்," என்றார். ரொம்பத் தண்ணியாக இருக்கிறதாம். கரண்டியைச் சாய்த்தால் உடனே விழக் கூடாது, கொஞ்ச நேரம் நின்று அப்புறம்தான் விழ வேண்டும் என்று கையாலேயே காட்டினார். எனக்குப் பின்னால் வரிசையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதுதான் தப்பு. அந்தக் கஞ்சியை வைத்தது பாட்டி.

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?" என்று கேட்டார். இருபத்தைந்து இருக்கலாம் என்றேன்.

"நான் பத்தொம்பது வருசம் ஆயாக்கொட்டாய்ல இருந்தவ. எத்தன புள்ளைங்க என் கையால கஞ்சி குடிச்சிருக்கு தெரியுமா? ஒன் அம்மாவயும் சேத்து. யாராச்சும் செத்தாங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்ல? அம்மா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல இருந்தார்.

பாட்டிக்கு இப்போது 86 வயது. நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. எங்கள் ஊர் சரித்திரப் பாடத்தில் வருவது 1948 ஜூன் 16ஆம் தேதி தோட்டத் துரைமார்கள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதற்காக. தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டாயைப் பற்றிப் பள்ளியில் ஒரு வரி படித்த ஞாபகம் எனக்கு இல்லை. இத்தனைக்கும் தொழிலாளர் குடியிருப்புக்காக 1990இல் வந்த 446ஆம் சட்டத்தின் முகப்பிலேயே வீட்டோடு சேர்த்துக் குழந்தைக் காப்பகமும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பால்மரம் வெட்டுவது இருட்டு வேலை. மரத்துக்குள் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம், வெயில் ஏற ஏறப் பால் இறங்குவது குறைந்துவிடும். ஆகவே விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. தாய்மார்கள் அதற்கும் முன்னால் எழுந்து சமைத்து, தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டிக்கொண்டு போய் ஆயாக்கொட்டாயில் போடுவார்கள். நீளமான கொட்டகை, உத்திரத்தில் வரிசையாகச் சாரோங் தொட்டில்கள். வெட்டி முடித்து, பாலை எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பி வர மதியம் ஆகிவிடும்.

பாட்டியோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தேன். அவர் கஞ்சிக்குப் போடும் நொய்யை அடுப்படித் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். சரியாக 10 கிராம். தண்ணீர் ஒரு பெரிய கோப்பை. அரிசி 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி. அப்படியானால் அந்தக் கோப்பை முழுவதிலும் 35 கலோரி. ஆறு மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை, தாய்ப்பால் போக, சாப்பாட்டிலிருந்து நாளைக்கு 200 கலோரி கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கு என் மகள் ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பை கஞ்சி குடிக்க வேண்டியிருக்கும். இந்த வயதுக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குத் தாங்குவது எடையில் கிலோவுக்கு 30 கிராம் அளவுதான். என் மகள் ஏழு கிலோ. ஒரே கோப்பையில் வயிறு முட்டிவிடும், அப்புறம் தாய்ப்பாலும் வேண்டாம் என்று திரும்பிக்கொள்வாள். வயிறு நிறைந்திருக்கும், உடம்புக்கு ஒன்றும் போயிருக்காது. மிஸி கரண்டியைச் சாய்த்துக் காட்டியது இதைத்தான்.

தராசைப் பாட்டியிடம் காட்டவில்லை. பதிலுக்கு, கொட்டாயில் ஏன் கஞ்சியைத் தண்ணியாகவே வைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். கெட்டியாகக் கொடுத்தால் பிள்ளைக்குச் செரிக்காது என்பார் என்று எதிர்பார்த்தேன். முதலில் அதைத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே, வேறு ஒன்று சொன்னார்.

"கெட்டியா வச்சா அடி புடிச்சுக்கும். பக்கத்துலயே நின்னு கிண்டணும். பதினெட்டு புள்ள, நான் ஒருத்தி. ஒண்ணு அழும், ஒண்ணு பேலும், ஒண்ணு வாசலத் தாண்டி ஓடும். தண்ணிக் கஞ்சின்னா டம்ளர்ல ஊத்தி வாயில வச்சா தானா எறங்கிரும். கரண்டி வச்சு ஊட்டிக்கிட்டு ஒக்காந்தா பதினெட்டாவது புள்ளைக்கு எப்ப ஊட்டுறது?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பாரம்பரியம், நம் முன்னோர் உணவு என்று வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறதே, அதில் பாதி இந்த மாதிரிதான் வந்திருக்குமோ என்று தோன்றியது. ஆள் பற்றாத ஒரு கொட்டகையில் ஒரு பெண் பிடித்த குறுக்குவழி. பிறகு அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள் தாயாகி, தங்களுக்குத் தெரிந்ததையே தங்கள் பிள்ளைக்கும் கொடுத்தார்கள். காரணம் மறந்துபோய்ப் பழக்கம் மட்டும் மிஞ்சியது. பழக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே, "செரிக்காது" என்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பதினெட்டுக் குழந்தைக்கு ஒரே ஆயா என்று கணக்குப் போட்டவனிடம்தான் தராசைக் காட்ட வேண்டும்.

கொட்டாயில் கஞ்சிக்கு முன்னால் வந்தது டின் பால். தாய் ஏழெட்டு மணி நேரம் பக்கத்தில் இல்லையென்றால் கைக்குழந்தைக்கு வேறு எதைக் கொடுப்பது? சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பாலை வெந்நீரில் கரைத்துக் கொடுப்பார்கள். விலை மலிவு, திறந்தாலும் சீக்கிரம் கெடாது. இதைக் குழந்தைக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்து விற்றதை எதிர்த்து ஒரு டாக்டர் அன்றே பேசியிருக்கிறார். சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்தவர், மலாயாவில் வேலை பார்த்தவர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குத் தலைப்பே 'பாலும் கொலையும்'. தவறான பிரச்சாரத்தால் சாகிற குழந்தைகளின் சாவைக் கொலையாகக் கருத வேண்டும் என்று சபையில் நின்று சொன்னார். அந்த உரை பல வருடம் கழித்து பினாங்கிலிருந்து அச்சாகி வெளிவந்தது. உலகத் தாய்ப்பால் வாரத்தை நடத்துகிற வாபா அமைப்பின் தலைமையகமும் பினாங்கில்தான்.

அவரைப் பற்றிப் படித்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. மலாயாவுக்கு வருமுன் அவர் மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில் இருந்தார். மக்காச்சோளக் கஞ்சியை மட்டும் குடித்துக் கைகால் வீங்கிப்போகும் குழந்தைகளின் நோயை மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டியவர் அவர்தான். அந்த ஊர் மக்கள் வைத்திருந்த பெயரையே நோய்க்கு வைத்தார்: குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் முலையிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள். படித்தவுடன் பாட்டியிடம் போய், அடுத்த பிள்ளை வந்து பால் இல்லாமல் போகிற குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"சவலை."

கடல் தாண்டி அங்கே ஒரு தாயும், இங்கே ஒரு தாயும் ஒரே விஷயத்தைப் பார்த்திருக்கிறார்கள். சவலைப் பிள்ளை என்று நாம் இன்று ஒல்லியான பிள்ளையைக் கிண்டலாகச் சொல்கிறோம். பாட்டி அந்தச் சொல்லைச் சொன்ன விதத்தில் கிண்டல் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவர் கைக்குழந்தையாக இருந்து நடக்கப் பழகியவர், மரவள்ளிக்கிழங்கில் வளர்ந்தவர். அவருக்குக் கீழே பிறந்த தம்பி ஒருவன் இருந்தான் என்பதை அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி அம்மாவின் கட்சி. அம்மா எனக்கு நான்காம் மாதமே டப்பா மாவு கரைத்து ஊட்டியவர். "ஆறு மாசம் வரைக்கும் வெறும் பால்ல கெடக்கணுமா?" என்று மகளுக்கு நாலு மாதம் ஆனதிலிருந்தே முணுமுணுப்பு. நான் பிறந்தது 1992. அப்போது கிளினிக்கில் சொன்னதே நாலிலிருந்து ஆறு மாதம் என்றுதான். உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும் என்று மாற்றியது 2001இல். ஆக அம்மா அன்று செய்தது அன்றைக்குச் சரி. இதை இரண்டு மூன்று முறை எடுத்துச் சொன்னபிறகு அம்மா சமாதானமானார். அவருக்கு வேண்டியிருந்தது, தான் தப்புச் செய்யவில்லை என்று ஒருவர் சொல்வதுதான் போல.

சரி, கெட்டிக் கஞ்சிக்கு வருவோம். நொய்யை 30 கிராமாக்கி, பாசிப்பருப்பு சேர்த்து, குழைய வேகவைத்து, இறக்கும்போது ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெய் விட்டேன். அந்த எண்ணெயிலேயே 40 கலோரி இருக்கிறது. கரண்டியைச் சாய்த்தேன், நின்றது. எனக்கு ஒரே பெருமை. மகள் முதல் கரண்டியை நாக்கால் அப்படியே வெளியே தள்ளினாள். இரண்டாவதையும். நாக்கால் வெளியே தள்ளுவது இந்த வயதுக் குழந்தைக்குப் பிறவிக் குணம், வேண்டாம் என்று பொருள் இல்லை. மோவாயிலிருந்து வழித்து மறுபடி உள்ளே வைக்க வேண்டும். ஒரு வாரம் இப்படியே போனது. போனதில் பாதி தரைக்கு, கால்பங்கு என் சட்டைக்கு.

பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டாம் நாள், "கேப்பை வாங்கியா," என்றார். மாவு வேண்டாம், முழு கேப்பைதான் வேண்டும் என்றும் சொன்னார். பாட்டியின் அம்மா சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர்.

ஒரு கிலோ வாங்கி வந்தேன். கல் அரித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, குழாயடியில் தொங்கவிட்டோம். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டாம் நாள் மூட்டையைப் பிரித்தால், கரும்பழுப்பு மணி ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளை முளை வால் மாதிரி எட்டிப் பார்த்தது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மூட்டையைக் கவிழ்த்தால் அடை மாதிரி விழுந்தது. வெயிலில் காயப்போட்டேன். இங்கேதான் சறுக்கினேன். சுங்கை சிப்புட் மழை சொல்லிக்கொண்டா வருகிறது? மூன்று மணிக்கு ஊற்றியது. நான் வேலையாக இருந்தேன், பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். மறுநாள் மறுபடி காயவைத்தால் ஒரு புளித்த வாடை, அங்கங்கே பச்சைப் பூசணம். அந்த ஒரு கிலோவும் குப்பைக்குப் போனது. பூசணம் பிடித்த தானியத்தைக் கழுவி வறுத்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது, அதன் நஞ்சு சூட்டில் போகாது. இரண்டாம் தடவை வெயிலை நம்பாமல் பாதியைக் காற்றாடிக்குக் கீழேயும் பாதியைக் குறைந்த சூட்டில் ஓவனிலும் உலர்த்தினேன். முளையைக் கையால் தேய்த்து உதிர்த்து, லேசாக வறுத்து, பிளெண்டரில் அரைத்து, துணியில் சலித்தோம்.

அப்புறம் பாட்டி ஒரு வித்தை காட்டினார். இரண்டு சட்டி. ஒன்றில் கடையில் வாங்கிய சாதாக் கேப்பை மாவு இரண்டு கரண்டி, இன்னொன்றில் முளைகட்டிய மாவு நான்கு கரண்டி. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர், மெல்லிய தீ. முதல் சட்டி சீக்கிரமே களியாகி, அகப்பை செருகினால் நின்றது. இரண்டாவது சட்டி முதலில் கெட்டிப்படுவது போல வந்தது. சூடு ஏற ஏற, கிண்டக் கிண்ட, கண்ணெதிரே இளகிப்போனது. இரண்டு மடங்கு மாவு இருந்தும் கரைத்த தயிர் பதம்.

"இது தண்ணியா இருக்குதா?" என்றார். இருக்கு என்றேன்.

"உள்ள நாலு கரண்டி இருக்குது. போயி ஒன் மிஸிகிட்ட சொல்லு."

முளைக்கும் தானியத்தில் அமிலேஸ் என்கிற நொதி ஊறுகிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது துண்டுதுண்டாக வெட்டுகிறது, அதனால் கஞ்சி இளகுகிறது. குழந்தையால் சுலபமாக விழுங்க முடியும், ஆனாலும் ஒவ்வொரு வாயிலும் சரக்கு இருக்கும். இதைச் சத்துணவு ஆராய்ச்சிக்காரர்கள் தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மாவை ரொம்ப வறுத்தால் நொதி செத்துவிடும், அதனால்தான் பாட்டி 'லேசா, லேசா' என்று கத்திக்கொண்டே இருந்தார். கேப்பையில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் போலச் சுண்ணாம்புச் சத்து உண்டு. முளைகட்டுவதால் அதைக் கட்டிப்போட்டிருக்கும் பைட்டேட்டும் குறையும். கொட்டாயில் இதை ஏன் செய்யவில்லை என்று கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும்.

அடுத்த முறை மிஸியிடம் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார், கரண்டிக் கணக்கைக் குறித்துக்கொண்டார். உடனே இன்னொரு கேள்வி போட்டார்: "ஸாட் பெஸி?" இரும்புச் சத்து?

தாய் வயிற்றில் கடைசி மாதங்களில் குழந்தை சேர்த்துவைக்கும் இரும்பு, பிறந்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு வரும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் கொஞ்சம். ஏழாம் மாதத்திலிருந்து ஒரு வயது வரை நாளைக்கு 11 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. வளர்ந்த ஆணுக்கு அதே கணக்கில் 8 தான்! உள்ளங்கை அகல வயிற்றுக்குள் அப்பாவை விட அதிக இரும்பு போயாக வேண்டும். கஞ்சியும் கேப்பையும் மட்டும் கொடுத்தால் இதை எட்டவே முடியாது. கறி, மீன், முட்டை, ஈரல் வேண்டும். பல் முளைக்கட்டும், ஒரு வயசு ஆகட்டும் என்று நம் வீடுகளில் தள்ளிப்போடுவது இவற்றைத்தான். கேட்டால் சூடு, கபம், மாந்தம் என்று ஒரு பட்டியல் வரும்.

காலை மார்க்கெட்டில் கோழி ஈரல் வாங்கினேன். வேகவைத்து, சக்கரைவள்ளிக் கிழங்கோடு மசித்து, வாரம் ஒரு நாள் ஒரு சிறு கரண்டி. ஈரலில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருப்பதால் தினமும் கொடுக்கக் கூடாது. மற்ற நாளில் செனாங்ஙின் மீன், முள் பார்த்துப் பார்த்து எடுத்து. ஈக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) பொடி நல்லது என்று அக்கம்பக்கத்தில் நிறையப் பேர் கொடுக்கிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் உப்பு போகாது, எனக்கு ஒப்பவில்லை. கீரை கொடுக்கும் நாளில் பப்பாளியும் ஒரு வாய், வைட்டமின் சி சேர்ந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும்.

ஈரலை மகள் ஆவென்று வாங்கினாள். கேப்பைக்கு முகம் சுளித்தவள்! பாட்டி கொஞ்சம் மனம் உடைந்துபோனார் என்று நினைக்கிறேன்.

நடுவில் தோட்டத்துக் கோயிலில் சோறூட்டு. செம்பனைக்கு நடுவே மாரியம்மன் மட்டும் அப்படியே இருக்கிறாள். பூசாரி பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டுக் குழந்தையின் வாயருகே கொண்டுவந்தார். நான் குறுக்கே கையை நீட்டி, "எனக்குக் குடுங்க சாமி," என்று வாங்கி நானே நக்கிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பஞ்சாமிர்தத்தில் தேன் உண்டு. தேனில் இருக்கக்கூடிய போட்டுலினம் என்கிற கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைவிட்டு நஞ்சு கக்கலாம். பிறந்ததும் சேனை வைக்கிறேன் என்று தேன் தொட வந்த அத்தையையும் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் தடுத்தேன். அந்தப் பகை இன்னும் தீரவில்லை. சக்கரைப் பொங்கலில் இரண்டு பருக்கையை மசித்து ஊட்டினேன், சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மட்டும் உயிர் போய் வந்தது. ஏழரை மாதத்தில் இட்லித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். வாயில் திணித்துக்கொண்டு முகம் சிவந்து, 'ஓ' என்று ஓங்கரித்தாள். அம்மா ஓடிவந்து முதுகில் அடிக்கப்போனார். சத்தம் வருகிறது, இருமுகிறாள் என்றால் தானே வெளியே தள்ளிவிடுவாள். சத்தமே இல்லாமல் போனாலோ உதடு நீலம் பாய்ந்தாலோதான் ஆபத்து, அப்போதுதான் குப்புறப் போட்டு முதுகில் தட்ட வேண்டும். இதைப் படித்திருந்தேன். படித்தது வேறு, எதிரே பிள்ளை ஓங்கரிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது வேறு. நான்கு விநாடி இருக்கும். துண்டு வெளியே வந்தது. அதையே எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள். கச்சானை (நிலக்கடலை) முழுசாகக் கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். நைஸாக அரைத்துக் கஞ்சியில் கலக்கிக் கொடுக்கிறேன். 2015இல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வில், சீக்கிரமே கடலை சாப்பிட்ட குழந்தைகளுக்குக் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைந்தது தெரிந்தது. கடுமையான தோல் அரிப்பு உள்ள குழந்தை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இப்போது மகளுக்கு ஒன்பது மாதம். நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். காலை ஆறரைக்குக் கிளம்பினால் திரும்ப ஐந்தாகிவிடும். பகலில் அம்மாவும் பாட்டியும்தான் ஆயா. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். காலை கேப்பை, மதியம் மீன் சோறு, சாயங்காலம் பழம். உப்பு, சர்க்கரை, தேன் கூடாது. கடைசியில் சிவப்பு மையில்: தேத்தண்ணி கூடவே கூடாது. கொட்டாயில் பத்து மணிக்குத் தேத்தண்ணியில் பிஸ்கட் நனைத்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுப்பார்களாம். தேயிலையின் துவர்ப்பு, சாப்பாட்டில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்புக்கு விடாது என்று பாட்டிக்கு இரண்டு தடவை விளக்கியிருக்கிறேன். அவரும் இரண்டு தடவை "ம்" என்றார்.

நேற்று வந்து பார்த்தபோது மகளின் கழுத்துத் துணியில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன். ஏலக்காய் வாசனை, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மேரி பிஸ்கட் தூள். பாட்டி தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், செய்தி தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

"பாட்டி, இது என்ன?"

"கேப்பையா இருக்கும்," என்றார், திரும்பாமல்.